பதநீர் தேடி எட்டயபுரம் பக்கம் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரை ஊர்களுக்கு விஸ்கிக்காகவே பயணிகள் போகிறார்கள். நம்ம வைப்பாற்றுப் பக்கத்தின் அடையாளம் பனை.

எந்த வழி?
கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் சுமார் 15 கி.மீ. அங்கே பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, வைப்பாற்றங்கரையில் இருக்கும் விளாத்திகுளம் வழியாக, கருப்பட்டிக்குப் பேர் போன கடலோர வேம்பாருக்குப் போகலாம்.

எப்போது?
மார்ச் முதல் ஜூன் வரை நல்ல சீசன். பதநீர் குடிக்கணும்னா காலையிலேயே போயிடுங்க. வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும்.

பதநீர், கள்: என்ன வித்தியாசம்?
மரமும் பாளையும் ஒன்றுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. பக்கத்து கேரளாவில் உரிமத்தோடு இறக்கலாம். அதனால் பனையேறிகளிடம் ‘கள் கிடைக்குமா?’ என்று கேட்காதீங்க. வழக்கு வந்தால் மாட்டுவது அவங்கதான்.

என்ன வாங்கலாம்?
பதநீரைப் பாகாகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. சீனி கலந்த கருப்பட்டியும் கடைகளில் வருகிறது. காய்ச்சும் இடத்திலேயே வாங்கினால் கலப்படப் பயம் குறையும். காசும் நேராகப் பனையேறி கைக்குப் போகும்.