ஆஸ்டின் டவுனிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு?

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 290 கி.மீ.; இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 360 கி.மீ. அட்டவணைப்படி விமானப் பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டி அமைகிறது. இவ்வெண்கள் சரியானவையே. ஆயினும் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை எவ்வளவு அருகில் இருந்தது என்னும் வினாவுக்கு அவை மட்டும் விடையாகா.

1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 'தண்டு' என வழங்கிய அப்படைக் குடியிருப்பை நாடிச் சிப்பாய்களும் வணிகரும் கூலித் தொழிலாளரும் தமிழ் நிலத்திலிருந்து வந்தனர். மாட்டுவண்டி நாளொன்றுக்கு 25 கி.மீ. கடந்தாலும் சென்னையிலிருந்து இரு வாரங்கள் ஆகும். அந்நிலையில் வருதல் என்பது பெரும்பாலும் குடியேறுதலாகவே முடிந்தது.

1864 ஆகஸ்டு 1 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரையிலான 149 கி.மீ. இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில் முதலில் சென்றடைந்தது பழைய பேட்டையை அன்று, தண்டையே என்பது கருதத்தக்கது. படையும் நிருவாகமும் சென்னையை நோக்கியிருந்தன. பாதையும் அவ்வாறே அமைந்தது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் மீண்ட பின்னரும், 1947 வரை தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. ஒரே நகரின் இரு பாதிகளுக்குச் சென்னை ஒரே தொலைவில் இல்லை.

வான்வழியின் கதை வேறு. 1932 அக்டோபரில் தொடங்கிய டாட்டா நிறுவனத்தின் விமான அஞ்சல், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னையை அடைந்தது. பெங்களூர் அவ்வழியில் இல்லை. 1940இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஓடுதளமே பின்னர் நகரின் பயணியர் விமான நிலையமாயிற்று. அது ஆஸ்டின் டவுனிலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவுதான். 2008 மே 24 முதல் தேவனஹள்ளியில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. அது சுமார் 40 கி.மீ. அப்பால் உள்ளது. பறக்கும் நேரம் மாறவில்லை. பயண நேரம் நீண்டது. நகர நெரிசல், சோதனைக் காத்திருப்பு, மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேர்தல் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு மணி நேரப் பறத்தல் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கிய வந்தே பாரத் இரயில் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் இரு நகரங்களையும் இணைக்கிறது. குறுந்தொலைவில் இருப்புப்பாதை தன் இடத்தை மீட்டுக்கொண்டது எனலாம்.

எனினும் தொலைவை நிருணயிப்பது ஊர்தி மட்டுமன்று. காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை அடுத்து 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர் மீது வன்முறை மூண்டது. பலர் ஊரை விட்டு வெளியேறினர். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. ஒசூர் எல்லையில் பேருந்துப் போக்குவரத்து நின்றது. அந்நாட்களில் கிலோமீட்டர்க் கணக்கு பொருளிழந்தது.

ஆதலால், இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை ஆராய்வோர் மூன்று கேள்விகளை எழுப்பவேண்டும்: நகரின் எந்தப் பகுதியிலிருந்து, யாருக்கு, எந்த ஆண்டில்? இவற்றை விடுத்த அளவீடு நிலவியலுக்குப் போதுமானதாகலாம். சமூக வரலாற்றுக்குப் போதாது.