வீட்டுக்கடன் தகுதி: வல்லம் வட்டாரத்தில் முதல் வீடு

வாங்கும் அல்லது கட்டும் வீட்டை அடமானமாக ஏற்றுக்கொண்டு ஒருவருக்குக் கடன் தரலாமா, தந்தால் எவ்வளவு தரலாம் என்று வங்கியோ வீட்டுவசதி நிதி நிறுவனமோ செய்யும் கணிப்பே வீட்டுக்கடன் தகுதி. இதில் சோதிக்கப்படுவது இரண்டு: கடன் கேட்கும் ஆள், கடனுக்கு ஈடாகும் சொத்து. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த வல்லம் ஒன்றியம் போன்ற கிராமப்புறங்களில் முதல் வீடு வாங்குவோர் முதல் சோதனையை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் இங்கே கடினமானது இரண்டாவது. சம்பளச் சீட்டு சரியாக இருந்தும் மூலப்பத்திரம் இல்லாததால் விண்ணப்பம் நின்றுபோகலாம். அதற்குள் விற்பவரிடம் கொடுத்த முன்பணமும் சிக்கிக்கொள்ளும்.

வருமானமும் தவணையும்

மாதந்தோறும் கைக்கு வரும் வருமானத்தில் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து ஏறத்தாழ பாதியைத் தாண்டக்கூடாது என்பது கடன் தருவோர் பொதுவாகப் பின்பற்றும் அளவு. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய் தவணை வரும். 30,000 ரூபாய் சம்பளக்காரர் 15,000 வரை கட்டலாம் என்றால் 16 லட்சத்துக்குச் சற்று மேல் கடன் கிடைக்கும். அவரே பைக் கடனுக்கு மாதம் 3,000 கட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்கடனில் 3 லட்சத்துக்கு மேல் குறைந்துவிடும். வீட்டுக்கடன் கேட்கும் ஆண்டில் புதிய கடன் எதையும் வாங்காமலிருப்பது நல்லது.

வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை கணக்கிடப்படுகிறது. 750-க்கு மேல் இருந்தால் கடன் எளிதாகக் கிடைக்கும். மகளிர் குழுக் கடன், நகைக்கடன், கல்விக்கடன் எல்லாமே கடன் தகவல் பதிவேட்டில் ஏறுகின்றன. உறவினருக்குச் சூரிட்டி போட்டு அவர் கட்டாமல் விட்டதும் தெரியவரும். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை இருந்தால் திருத்தக் காலம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் வட்டாரம் இது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே பலரிடம் வரிக்கணக்கும் கிடையாது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் நெல் பட்டியல், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை கரும்புக்குத் தந்த ரசீது, பால் சங்கப் பணம் வரவான வங்கிக் கணக்கு, நிலப் பதிவுகளான சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் கொண்டே வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும். வியாபாரியிடம் ரொக்கமாக வாங்கிய பணம் வங்கியின் கண்ணுக்கு வருமானமே அல்ல. நிலையான சம்பளமுள்ள மனைவியோ மகனோ இணை விண்ணப்பதாரரானால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

கைப்பணம்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 75 லட்சம் வரை 80 சதவீதமும் அதற்கு மேல் 75 சதவீதமும் வரம்பு. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 லட்சம் சொந்தப் பங்கும் 1.80 லட்சம் பதிவுச் செலவுமாக 3.80 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் கடன் வாங்குபவரையே பாதிக்கிறது. 18 லட்சத்துக்குப் பேசிய வீட்டைப் பத்திரத்தில் 9 லட்சம் என்று எழுதினால் வங்கி குறைந்த தொகையையே கணக்கில் கொள்ளும். அப்போது கடன் 8.10 லட்சத்தைத் தாண்டாது.

நிலம் சொல்லும் கதை

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய பத்திரங்களில் ஜில்லாவின் பெயர் வேறு. 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யுடிஆரில், பட்டாக்களில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்களும் உண்டு. பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்து உரிமைத் தொடர்ச்சியை வங்கியின் வழக்கறிஞர் உறுதிசெய்த பிறகே கடன் நகரும். பெரும்பாலும் 30 ஆண்டு வில்லங்கச் சான்று கேட்பார்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கு இன்னொரு சிக்கல். இந்து வாரிசுரிமையில் தமிழ்நாடு 1989-இல் செய்த திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகளுக்குச் சம உரிமை தந்தன. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திட்டு விற்ற மனையை வங்கி ஏற்காது. சகோதரிகளும் கிரயத்தில் சேர வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. அந்தப் பெண்களின் சொத்துரிமையை மதிப்பதும் இதில் அடங்கும்.

1892-இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கக்கூடாது என்றும், பிறகும் அதே மக்களுக்கே விற்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. மற்றவர் வாங்கிய கிரயம் நிற்காது. கோயில் நிலத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை. ஊர்க் குடியிருப்புப் பகுதியான நத்தத்தில் உள்ள மனைக்குப் பட்டா இருந்தும் பதிவுப் பத்திரம் இல்லாவிட்டால் பல வங்கிகள் தயங்குகின்றன.

அனுமதியற்ற மனைப்பிரிவுகளின் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியோ வரன்முறை ஆணையோ இல்லாத மனைக்குக் கடன் கிடைப்பது அரிது. சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை பெரிய உதவி. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம்.

அரசு உதவி

2024-இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் வட்டி மானியம் உண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இது நகர்ப்புறங்களுக்கான திட்டம். திண்டிவனம் நகராட்சியிலோ செஞ்சி பேரூராட்சியிலோ வாங்குபவர் கேட்டுப் பார்க்கலாம். ஊராட்சிகளில் குடிசையில் வாழ்வோருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. இது கடனல்ல.

கையெழுத்திடும் முன்னும் கடன் தீர்ந்த பின்னும்

2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் வட்டியும் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டியது கட்டாயம். விளம்பரத்தில் உள்ள வட்டியை அல்ல, இந்த அறிக்கையில் உள்ள எண்ணைக் கொண்டுதான் வங்கிகளை ஒப்பிட வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை.

அடமானம் பெரும்பாலும் மூலப்பத்திரங்களை வங்கியில் ஒப்படைக்கும் முறையில் நடக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஒப்படைப்பு பதிவாகி வில்லங்கச் சான்றிலும் ஏறும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டது. பத்திரம் கைக்கு வந்தாலும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவுசெய்யாத வரை வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும்.