சுவரை இடித்தவர்கள்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே வெளியாக்குவது நவீனக் கட்டடக்கலை மனிதனுக்குத் தந்த விடுதலைகளில் ஒன்று என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. பிராங்க் லாயிட் ரைட்டிலிருந்து தொடங்குவார்கள். 1937-ல் விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிஸன் நகரில் அவர் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டில் சமைக்கும் இடம் கூடத்தின் பக்கம் திறந்து கிடக்கிறது. அடுத்து லெ கார்புஸியே, மார்ஸேல்ஸ் அடுக்குக் குடியிருப்பு, 1952. இந்த வம்சாவளியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இது மேதைகள் வரைபலகையில் வரையாமல் விட்ட சுவர்களைப் பற்றிய வரலாறு. ஏற்கனவே நின்றுகொண்டிருந்த சுவரைச் சுத்தியலும் உளியும் கொண்டு இடித்தவர்கள் யார், இடிபடும் வரை அதற்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. லண்டனின் பழைய வரிசை வீடுகளை முன்வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரைட்டுக்கு வெகு முன்னாலேயே இங்கிலாந்தில் சுவரை எடுக்கச் சொன்னவர் ரேமண்ட் அன்வின். வில்லியம் மாரிஸின் வழிவந்த சோஷலிஸ்ட். 1902-ல் ஃபேபியன் சங்கத்துக்காக அவர் எழுதிய சிறு பிரசுரம் தொழிலாளியின் வீட்டு அமைப்பைப் பற்றியது. அன்றைய தொழிலாளி வீட்டில் சமைப்பது, உண்பது, குளிப்பது, துணி காயவைப்பது எல்லாம் பின்னறையில் அடுப்பைச் சுற்றியே நடந்தன. தெருவைப் பார்த்த முன்னறையோ ஜன்னலுக்கு லேஸ் திரையும், உட்காரக் கூடாத நாற்காலியுமாகப் பூட்டியே கிடக்கும். அன்வினுக்கு இது அபத்தமாகப் பட்டது. இருக்கிற கொஞ்ச இடத்தில் பாதியை யாருக்கோ பயந்து வீணாக்குவானேன்? நடுச்சுவர் இல்லாமல் வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீள அறை இருந்தால், பகலில் ஏதாவது ஒரு பக்கத்தில் வெயில் விழும், காற்று ஓடும், குடும்பம் ஒன்றாக இருக்கும். யார்க் நகரத்துக்கு வெளியே நியூ எர்ஸ்விக் கிராமத்தில் பாரி பார்க்கரோடு சேர்ந்து அவர் இந்த எண்ணத்தைச் செங்கல்லிலும் கட்டிக் காட்டினார்.

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சிரமம். ஆனால் அந்த வீடுகளில் வாழ வேண்டியவர்கள் அதை ஏற்கவில்லை. முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், 1918-ல், அரசு வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ட்யூடர் வால்ட்டர்ஸ் கமிட்டி உட்கார்ந்தது. அன்வின் அதில் செல்வாக்கான உறுப்பினர். அதே சமயத்தில் தொழிலாளி வர்க்கப் பெண்களைக் கேட்டறிய ஒரு பெண்கள் துணைக்கமிட்டியும் அமைந்தது. பெண்கள் சொன்னது தெளிவு: முன்னறை வேண்டும், சுவர் வேண்டும். அன்வின் போன்றவர்கள் இதை மேல் வர்க்கத்தைப் பார்த்துக் காப்பியடிக்கும் ஆசை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆசையில் அதுவும் ஒரு பங்கு இருந்திருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறை வெறும் அலங்காரமா? பெண்ணைப் பார்க்க வரும் பையன் உட்காரும் இடம் அது. நோயாளியைக் கிடத்தும் இடம். லாரன்ஸின் ‘ஸன்ஸ் அண்ட் லவர்ஸ்’ (1913) நாவலில் மூத்த மகன் வில்லியம் லண்டனில் இறந்துபோக, சுரங்கத் தொழிலாளியின் அந்த வீட்டில் சவப்பெட்டியை இறக்கி வைப்பதும் முன்னறையில்தான். சாவை வைக்க வீட்டில் ஒரு தனி இடம் வேண்டும் என்பது லாரன்ஸுக்குத் தெரிந்திருந்தது. வெயிலின் கோணத்தைக் கணக்கிட்டவருக்குத் தெரியவில்லை.

கமிட்டி தன் அறிக்கையில் முன்னறைக்கும் இடம் கொடுக்கத்தான் செய்தது. பிரயோஜனம் குறைவு. 1921-க்குப் பிறகு அரசு செலவைச் சுருக்க ஆரம்பித்ததும் முன்னறை இல்லாத சிறிய வீடுகளே பெருகின. லட்சியவாதியின் கொள்கையும் கஜானாக்காரனின் கஞ்சத்தனமும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட்டன. இது அடிக்கடி நடக்கிறது.

சுவரற்ற அறையின் கதகதப்பை ரிச்சர்ட் ஹோகார்ட்டைவிட நெருக்கமாக எழுதியவர்கள் இல்லை. ‘தி யூஸஸ் ஆஃப் லிட்டரஸி’ (1957) நூலில் அடுப்பைச் சுற்றிக் கூடும் குடும்பத்தைக் காதலோடு வர்ணிக்கிறார். அதே நூலில், உபகாரச் சம்பளம் பெற்றுப் பெரிய பள்ளிக்குப் போகும் தொழிலாளி வீட்டுப் பையன் வருகிறான். அம்மா இஸ்திரி போட, வானொலி அலற, யாரோ பாட்டை முணுமுணுக்க, அப்பா மனதில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அவன் மேஜையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் செய்கிறான். தனக்கும் குடும்பத்துக்கும் நடுவே இல்லாத சுவரை மனதுக்குள் எழுப்பிக்கொள்ளப் பழகுகிறான். அந்தச் சுவர் பிறகு விழுவதே இல்லை என்பதுதான் ஹோகார்ட் சொல்லும் துயரம். ஒரே புத்தகத்தில் இந்த இரண்டு பக்கமும் இருப்பதனால் அதை நான் நம்புகிறேன்.

இதே காலத்தில் ஜெர்மனியில் எதிர்த்திசையில் ஒரு காரியம் நடந்தது. மார்கரெட்டெ ஷுட்டெ-லிஹாட்ஸ்கி 1926-ல் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை கூடத்திலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையல் கூண்டைப் பார்த்துச் செய்தது. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். நடை குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் பெண்ணுக்கு நேரம் மிஞ்சும் என்பது கணக்கு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூடத்தின் பக்கம் தள்ளுகதவு ஒன்று உண்டு. 1970-களில் பெண்ணியவாதிகள் இதையே சிறைக்கூண்டு என்றார்கள். சுவரை எழுப்பினாலும் விடுதலை, இடித்தாலும் விடுதலை.

இனி லண்டன். அங்கே நடுத்தர வர்க்க வீட்டில் சமையலறை கூடத்துக்கு அடுத்து இருந்ததே இல்லை. தரைக்குக் கீழே இருந்தது. ஒரு முழுத் தளத்தின் தடுப்பு. வேலைக்காரியின் முகமும் முட்டைக்கோஸ் வேகும் நாற்றமும் மேலே வரக் கூடாது. (நம் ஊர்ச் சமையலறைச் சுவருக்குக் காரணம் வேறு, தீட்டும் சாதியும் சம்பந்தப்பட்ட அந்த விவகாரத்தை இதோடு போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.) மேலே தரைத்தளத்தில் தெருப்பக்கம் ஓர் அறை, தோட்டப்பக்கம் ஓர் அறை. நடுவில் சுவர், வசதியான வீடுகளில் அகலமான மடிப்புக் கதவு. இந்தச் சுவரைக் காப்பாற்றியது நாகரிகத்தைவிடக் குளிர்தான். நிலக்கரிக் கணப்பு ஒரு சிறிய அறையைத்தான் சூடாக்கும். கதவைச் சாத்தினால்தான் சூடு நிற்கும்.

இரண்டாம் யுத்தத்துக்குப் பின் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வேலைக்காரி தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டாள். 1952 டிசம்பர் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின் 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து கரிப் புகையைத் தடுத்தது. வீடு முழுக்கக் குழாய் வழியாகச் சூடேற்றும் முறை பரவியது. பார்க்கர் மாரிஸ் கமிட்டி 1961 அறிக்கையில் சூடேற்றும் முறையை இடத்தோடு சேர்த்தே பேசியது சரியான பார்வை: வீடு முழுக்கச் சூடு இருந்தால்தான் வீடு முழுவதும் புழங்கும் இடமாகும். கொதிகலன் வராமல் கூடம் திறந்திருக்காது. இதைக் கலைவரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூடப் பார்ப்பது அரிது.

இடிப்பது சுலபமான காரியமும் அல்ல. ஜார்ஜியன் காலத்து வீடுகளில் நடுத்தடுப்பு பல சமயம் மரச்சட்டத்தின் மேல் பட்டிகள் அடித்துச் சுண்ணாம்புக் காரை பூசியது. தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். வெறும் மறைப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால் உள்ளே சாய்வுச் சட்டங்கள் கோத்து, மேல்தளத்து மர விட்டங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுவாகவும் இருக்கும். முறையாகச் செய்கிறவன் முதலில் சுவரின் மேற்பகுதியில் வரிசையாகத் துளையிட்டுக் குறுக்கே கட்டைகளைச் செருகி, இரு பக்கமும் இரும்பு முட்டுக்கால் கொடுத்து, மேல்பாரம் முழுவதையும் அவற்றின் மேல் ஏற்றிக்கொண்ட பிறகே கீழே கைவைப்பான். இரு ஓரங்களிலும் கொஞ்சம் சுவரை விட்டு, அதன் தலையில் கெட்டியான கட்டை வைத்து, அதன் மேல் இரும்பு கர்டரை உட்காரவைப்பான். கர்டருக்கும் மேலுள்ள கட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ஈரம் குறைந்த சிமெண்ட் கலவையை இடித்துத் திணிப்பான். அது இறுகிய பின்பே முட்டுக்கால் வெளியே வரும். இதையெல்லாம் செய்யாமல் சனி ஞாயிறில் சம்மட்டி தூக்கிய பட்டதாரிகள் இருந்தார்கள். மாடி அறையின் கதவு சாத்த முடியாமல் போவது முதல் அறிகுறி.

அவர்கள் யார்? பத்திரிகை, தொலைக்காட்சி, கல்லூரி, வக்கீல் தொழில் என்று சம்பாதித்த இளம் தம்பதிகள். 1960-களின் லண்டனில் சுவரை உடைத்துச் சேர்ப்பது அவர்களுடைய முத்திரையாகவே ஆகிவிட, கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. ஆனால் இஸ்லிங்டன் பகுதியில் பார்ன்ஸ்பரி போன்ற இடங்களில் அவர்கள் வாங்கிய வீடு காலியாகப் பிறந்த வீடு அல்ல. நூறு வருஷத்தில் அது தளத்துக்கு ஒரு குடும்பம், சில சமயம் அறைக்கு ஒரு குடும்பம் என்று பிரிந்துபோயிருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் காஸ் அடுப்பு, எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. சாம் செல்வனின் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நாவலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மோஸஸுக்கு இப்படி ஓர் அறை. அங்கேயே தூக்கம், அங்கேயே சமையல், ஞாயிற்றுக்கிழமை அங்கேயே நண்பர்கள். பசி தாங்காமல் காலஹாட் பூங்காவில் பிடித்த புறாவும் ஓர் அறையில்தான் வேகிறது. சமையலும் கூடமும் ஒன்றான வெளி என்றால் லண்டனில் அதன் முதல் நிபுணர்கள் இவர்கள்தான். கட்டடக்கலை நூல் எதிலும் செல்வனின் பெயரை நான் பார்த்ததில்லை.

1957 வாடகைச் சட்டம், குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் அடுத்தவருக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது என்றது. ஆளோடு விற்றால் வீட்டுக்கு ஒரு விலை, ஆள் இல்லாமல் விற்றால் பல மடங்கு விலை. வீட்டுக் கடன் தரும் சங்கங்களும் பழைய வீடு, உள்ளே வாடகைக்காரர் என்றால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடன் மனுக்களைத் தினமும் புரட்டுகிறவனுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும்: ஆளைக் கிளப்பினால் விலையும் ஏறும், கடனும் கிடைக்கும். எப்படிக் கிளப்பினார்கள் என்பதற்கு ராக்மன் என்ற வீட்டு முதலாளியின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1965-ல் மில்னர் ஹாலண்ட் கமிட்டி மிரட்டல்களைப் பதிவு செய்தது; அதே வருஷத்துச் சட்டம் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பைத் திருப்பித் தந்தது. அதற்குள் பலர் போய்விட்டிருந்தார்கள். பெர்லினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் இந்த மாற்றத்துக்கு 1964-ல் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் வைத்தார். கனவான்மயமாதல் என்று சொல்லலாம். கிளாஸின் சொல்லில் இருக்கும் ஏளனம் தமிழில் முழுதாக வரவில்லை. 1969 வீட்டுவசதிச் சட்டம் பழைய வீடுகளைச் செப்பனிட மானியத்தை உயர்த்தியபோது அதுவும் கணிசமாக இந்தப் பக்கமே ஒழுகியது. சுவரை இடித்தவர்களில் பலர் இடதுசாரி வாக்காளர்கள். அவர்களை வில்லன்களாக்குவதில் எனக்கு ருசி இல்லை. பாழடைந்துகொண்டிருந்த வீடுகளைக் காப்பாற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு அறைகளை ஒன்றாக்க முடிந்ததே, நான்கு குடும்பங்கள் ஒன்றாக்கப்பட்டதால்தான்.

இடித்த இடத்தில் என்ன வந்தது? எலிஸபெத் டேவிட் 1950-லேயே மத்தியதரைக்கடல் சமையல் புத்தகத்தை எழுதியிருந்தார். ரேஷன் முழுதாக நீங்க 1954 ஆயிற்று. 1964-ல் டெரன்ஸ் கான்ரன் ஃபுல்ஹாம் சாலையில் ஹாபிடாட் கடையைத் திறந்தார். பைன் மர மேஜை, மண் பாத்திரம், கண்ணில் படும்படி தொங்கும் வாணலிகள். சமையல் பார்க்கத்தக்க காரியமாயிற்று. வேலைக்காரி செய்தவரை ஒளித்துவைக்கப்பட்ட வேலை, வீட்டுக்காரி செய்யத் தொடங்கியதும் விருந்தினர் முன் நடத்தும் நிகழ்ச்சி ஆனது. இதில் பெண்ணுக்கு லாபம் உண்டு, தனியாகப் புகையோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நஷ்டமும் உண்டு, கழுவாத பாத்திரத்தை மறைக்கக் கதவு இல்லை. ஹன்னா காவ்ரன் லண்டன் இளம் தாய்மார்களைப் பற்றி எழுதிய ‘தி காப்டிவ் வைஃப்’ 1966-ல் வந்தது. ஆன் ஓக்லியின் ஆய்வு 1974-ல். வீட்டுவேலையின் அலுப்பு தொழிலாளி வீட்டிலும் நடுத்தர வர்க்க வீட்டிலும் ஒன்றுபோலவே இருந்ததை ஓக்லி கண்டார். சுவர் போன வீட்டில் ஆண்கள் ஒயின் பாட்டிலோடு அடுப்பருகே வந்து நின்றார்கள் என்பது மெய். நிற்பது வேறு.

இதே வருஷங்களில் காலி செய்யப்பட்டவர்களில் பலர் நகராட்சி எழுப்பிய அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 1968 மே 16 விடிகாலை, கிழக்கு லண்டன் நியூஹாமில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-வது மாடியில் ஒரு பெண் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைத்தார். குழாய் இணைப்பில் கசிந்திருந்த காஸ் வெடித்தது. சட்டகம் இல்லாத கட்டடம் அது. தயாராக வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளே சுவர், அவையே தூண். வெடிப்பு மூலைச் சுவர்ப் பலகைகளை வெளியே தள்ளியது. மேலிருந்த மாடிகள் அந்த மூலையில் சரிந்து, அவற்றின் பாரத்தில் கீழே உள்ளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நான்கு பேர் இறந்தார்கள். குடியேறி ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தவர் பிழைத்தார். கட்டடம் 1986-ல் பிரிக்கப்பட்டது. சுவர் இல்லாமலிருப்பதை ரசனையாகத் தேர்ந்துகொண்டவர்களையும், சுவர் விழுந்தவர்களையும் ஒரே நகர வரலாற்றில் வைத்துப் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

பார்ன்ஸ்பரி வீடுகளின் விலை இன்று அன்று சுவரை இடித்தவர்களைப் போன்ற ஆசிரியருக்கோ பத்திரிகையாளருக்கோ எட்டாது. 2020-ல் அலுவலகமும் பள்ளியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது மறுபடி கதவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கண்ணாடித் தடுப்பு விற்பவர்களுக்கு வேலை கிடைத்தது. அந்த வீடுகளில் கூரையை அண்ணாந்து பார்த்தால் நடுவில் கர்டரைப் பொதிந்த ஒரு புடைப்பு குறுக்கே ஓடுவது தெரியும். அதன் இருபுறமும் கூரை ஓரத்துப் பூவேலை ஒன்றுபோல் இருக்காது: தெருப்பக்கம் வேலைப்பாடு அதிகம், தோட்டப்பக்கம் எளிமை. கணப்புகளும் இரண்டாகவே இருக்கின்றன. ஒன்றில் புத்தகம் அடுக்கியிருப்பார்கள்.