தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒரு பூட்டு

1/5
1850-களின் இங்கிலாந்து ரயில் நிலையத்தை மாடலாச் செய்யப் போறீங்களா? தண்டவாளம் பிரியிற இடத்துல பூட்டு வெச்சிடாதீங்க, வரலாறு தப்பாயிடும்.

2/5
அங்கே சீவின ரெண்டு தண்டவாள நாக்குகள் இருக்கும். லீவரை இழுத்தா ரெண்டும் சேர்ந்து நகர்ந்து, ரயிலோட பாதையை மாத்தும். இதுதான் பாயின்ட்.

3/5
1856-ல் ஜான் சாக்ஸ்பி, பாயின்ட்டையும் சிக்னலையும் இணைத்து இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சரி, ரயில் மேலே ஓடும்போதே நாக்கு நகர்ந்தா?

4/5
1873 ஆகஸ்ட் 3, விகன் நிலையம். ஸ்காட்லாந்து போன இரவு எக்ஸ்பிரஸின் பின்பெட்டிகள் பாயின்ட்டில் தடம்புரண்டன. 13 பேர் பலி. அதன்பின் பாயின்ட் பூட்டுகள் மேல் கவனம் கூடியது. கூடவே, மேலே சக்கரம் இருக்கும்வரை பூட்டைத் திறக்கவிடாத நீளப் பட்டையும்.

5/5
மாடல்ல அந்தப் பட்டை தீக்குச்சியைவிட மெல்லிசு. ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க பார்க்கிற செக்லிஸ்ட் மாதிரிதான் அதுவும்: உயிர்கள் போனபிறகு படிச்ச பாடம்.