மூக்குச் சதையும் நெற்றி எலும்பும்

"மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர் சொன்னால் நம் வீடுகளில் உடனே இன்னொரு வசனமும் வரும். "ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வளரும், காசுதான் தண்டம்." என் அத்தைக்கு இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டு முறையும் திரும்ப வந்தது. ஏன் வருகிறது என்று தேடப் போனால் அது கிரேக்க தேசத்தில் போய் நிற்கிறது. (பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். பரீட்சை நெருங்கும்போதுதான் இப்படிப்பட்ட விஷயங்கள் சுவாரஸ்யமாகின்றன!)

டாக்டர்கள் இந்தச் சதையைப் பாலிப் என்பார்கள். கிரேக்க மொழியில் அதற்குப் 'பல கால்கள்' என்று அர்த்தம், ஆக்டோபஸ் மாதிரிக் கடல் பிராணிகளுக்கு வைத்த பெயர். ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. கடற்பஞ்சில் நூல் கட்டி, நூலை மூக்கு வழியாக விட்டு, வாய்ப்பக்கம் எடுத்துப் பிடித்து இழுக்க வேண்டும். பஞ்சு வரும்போது சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது இல்லையா? பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதும் உண்டு. 16ம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபலோப்பியோ கம்பிச் சுருக்கு போட்டு அறுத்தார். கருவி மாறியதே தவிர யோசனை மாறவில்லை: பிடி, பிய்த்து எடு.

இசைமேதை ஹைடனுக்கும் மூக்கில் பாலிப் இருந்தது. 1791-92ல் அவர் லண்டனில் இருந்தபோது, புகழ்பெற்ற சர்ஜன் ஜான் ஹண்டர் அதை எடுத்தே தீருவேன் என்று நின்றார். வீட்டுக்கு அழைத்து, தடித்த ஆட்கள் சிலரை விட்டு நாற்காலியில் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்களாம். ஹைடன் கத்தி, அடித்து, உதைத்துத் தப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம், நானாக இருந்தாலும் உதைத்திருப்பேன்.

சரி, இதெல்லாம் மூக்குத் துவாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற சதை. புருவத்துக்கு மேலே நெற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறை, அதாவது ஃபிரான்டல் சைனஸ், வேறு கதை. பிறக்கும்போது அது கிடையாது, குழந்தை வளர வளரத்தான் உருவாகிறது. பின்னால் மெல்லிய எலும்பு, அதற்கு அப்புறம் மூளை. கீழே கண். மூக்குக்கு இறங்க ஒரே ஒரு குறுகிய வழி. பாலிப் பெரும்பாலும் அந்த அறைக்குள் தொடங்குவதில்லை, கண்களுக்கு நடுவில் உள்ள எத்மாய்டு அறைகளில் முளைத்து அந்த வழியை அடைக்கிறது. அடைத்தால் மேலே சளி தேங்கும், சீழ் பிடிக்கும். சீழ் மூளைக்கோ கண்ணுக்கோ போனால் உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து.

ஆகவே டாக்டர்கள் வெளியிலிருந்து போனார்கள். 1884ல் ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் நெற்றி எலும்பில் துளை போட்டார் (ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்குப் பெயர் வைத்ததும் இவர்தான்). 1898ல் ரீடல் என்ற ஜெர்மானியர் சைனஸின் முன்சுவரையே எடுத்துவிட்டார். நோய் போகும், ஆனால் நெற்றி குழி விழுந்துவிடும். அந்த முகத்தோடு மிச்ச வாழ்நாளை ஓட்ட வேண்டும். சில வருடங்களில் கில்லியன் புருவ எலும்பை மட்டும் ஒரு பட்டையாக விட்டுவைத்து அழகைக் கொஞ்சம் காப்பாற்றினார். 1921ல் லிஞ்ச் கண்ணோரத்தில் கீறிப் போனார். அதிலும் போட்ட வழி நாளடைவில் சுருங்கி மூடிக்கொண்டது. மூக்கு வழியாகவே போகலாமே என்றால் உள்ளே ஒன்றும் தெரியாது. எத்மாய்டு ஆபரேஷனை மூக்கு வழியாகச் செய்வது நோயாளியைக் கொல்ல மிகச் சுலபமான வழிகளில் ஒன்று என்கிற பொருளில் பாஸ்டனின் மோஷர் 1929லேயே எச்சரித்தார்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் ஹீரோ ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கர். அவர் கவனித்தது சதையை அல்ல, சளி போகிற பாதையை! சைனஸின் உள்தோலில் நுண்ணிய மயிரிழைகள் துடுப்புப் போட்டுச் சளியைத் தள்ளுகின்றன. ஃபிரான்டல் சைனஸில் அது உள்பக்கச் சுவரில் மேலேறி, கூரையைச் சுற்றி, வெளிப்பக்கமாக இறங்கி வாசலுக்கு வருகிறது. இயற்கையான வாசலை நோக்கித்தான் அது போகும். நாம் வேறு இடத்தில் ஓட்டை போட்டாலும் சட்டை செய்யாது. அப்படியென்றால் இடிக்க வேண்டியது நெற்றியை அல்ல, அடைப்பை எடுத்து வாசலைத் திறந்தாலே போதும்.

அதற்குக் கண் வேண்டுமே? 1901ல் ஹிர்ஷ்மான் சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை மாற்றியமைத்து சைனஸுக்குள் எட்டிப் பார்த்திருந்தார், ஆனால் தெளிவு போதவில்லை. இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித்தண்டு லென்ஸை 1960களில் கார்ல் ஸ்டார்ஸ் கம்பெனி எண்டோஸ்கோப்பாக்கியது. 1971ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்தது. நிழல் மேல் நிழலாக விழும் எக்ஸ்ரேயில் தெரியாத எலும்புச் சுவர்கள் துண்டு துண்டாகத் தெரிந்தன. மெஸ்ஸர்கிளிங்கரின் புத்தகம் 1978ல் வெளியானது. 1985 வாக்கில் அவர் சீடர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் முறையைப் பரப்பினார்கள். ஃபிரான்டல் வழியை எவ்வளவு அகலமாகத் திறக்கலாம் என்று 1991ல் டிராஃப் மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் சர்ஜன்கள் அந்த எண்களையே சொல்கிறார்கள்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். பாலிப் என்பது கட்டி அல்ல, அழற்சியால் ஊதித் தொங்கும் உள்தோல். (ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகப்பட்டு, துளி எடுத்துப் பரிசோதிப்பார்கள்.) சதையை எடுத்தாலும் அழற்சி அங்கேயே இருக்கிறது. பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு வட்டியை ஓடவிட்ட மாதிரி. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்புத்தண்ணீர் கழுவல் என்று தொடரச் சொல்கிறார்கள். ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை இரண்டும் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி திரும்பும். அத்தைக்கு ஆஸ்துமா உண்டு. ஸ்பிரேயை ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டாள், மூக்குதான் திறந்துவிட்டதே என்று.

2019ல் டூபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் பாலிப் சிகிச்சைக்காக அனுமதி கிடைத்தது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையையே தடுக்கிற மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று. கத்தி இல்லாமலே பலருக்குச் சதை சுருங்குகிறது, போன வாசனை திரும்புகிறது. ஊசியை நிறுத்தினால் சதை மெல்ல எட்டிப் பார்க்கிறது. விலையைக் கேட்டால் அத்தை மூன்றாவது ஆபரேஷனுக்கே தேதி வாங்கிவிடுவாள்.