கழுத்துத் தமனி அறுவையும் நுண்குருதிக்கட்டிகளும்: காரணம் இடம்பெயர்ந்த வரலாறு

கழுத்துத் தமனி அறுவையின் வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் கைத்திறன் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அறுவைக்குப்பின் மூளையை நோக்கிச் செல்லும் நுண்குருதிக்கட்டிகளுக்குக் காரணம் எது என்னும் வினாவிலிருந்து தொடங்கினால், அவ்வரலாறு வேறு வடிவம் கொள்கிறது.

பக்கவாதத்தின் காரணத்தைக் கழுத்திலும் தேட வேண்டும் என்பதை 1951இல் மில்லர் ஃபிஷர் நிறுவினார். 1954 மே மாதம் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர், 33 முறை தற்காலிகத் தாக்கத்துக்கு உள்ளான 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அறுவை செய்தனர். (ஹூஸ்டனில் டிபேக்கி 1953இலேயே இவ்வறுவையைச் செய்திருந்தார், ஆனால் 1975இல்தான் அதனை விரிவாக வெளியிட்டார்.) இலண்டன் மருத்துவர்கள் நோயாளியின் உடலைக் குளிர்வித்தே தமனியை அடைத்தனர். குருதியோட்டம் தடைபடுவதால் மூளை கெடும் என்பதே அவர்களது அச்சம். கட்டி பற்றிய அச்சம் பின்னர் வந்தது.

அதற்கான சான்று முதலில் கண்ணில் கிடைத்தது. ஒரு கண்ணின் பார்வை தற்காலிகமாக மறைந்த நோயாளியின் விழித்திரைத் தமனிகளில் வெண்ணிறத் துகள்கள் நகர்வதை ஃபிஷர் 1959இல் பதிவு செய்தார். 1961இல் ஹாலன்ஹார்ஸ்ட் அங்கு ஒளிரும் கொழுப்புத் துகள்களை விவரித்தார். 1982இல் ஆஸ்லிட் மண்டையோட்டின் ஊடே மீயொலி செலுத்தி மூளைத் தமனிகளின் ஓட்டத்தை அளந்த பின், அறுவை நடக்கும்போதே துகள்கள் கடப்பதைக் கேட்க முடிந்தது. 1990இல் ஸ்பென்சரும் உடனாய்வாளர்களும் அதனை வெளியிட்டனர்.

படிவு அகற்றப்பட்ட தமனியின் உட்சுவரில் திசு வெளிப்பட்டு நிற்கும். தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகும். தையலில் பிழையே இல்லையெனினும் இது நிகழும். அவ்வாறாயின் எல்லோருக்கும் ஒரே அளவில் நிகழாதது ஏன்?

இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வுக்குழு இவ்வினாவைத் தொடர்ந்தது. இருபுறத் தமனிகளிலும் வெவ்வேறு காலத்தில் அறுவை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டபோது, முதல் அறுவையில் கட்டிகள் மிகுந்தோருக்கு இரண்டாவதிலும் அவை மிகுந்தன. எனது மதிப்பீட்டில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. தமனி வேறு, காலம் வேறு. மாறாதிருந்தது நோயாளியின் குருதி. 2003இல் 775 அறுவைகளை ஆராய்ந்த அக்குழு, பெண்களிடையே அறுவைக்குப்பின் பக்கவாதம் மிகுதியாக இருப்பதற்கு அவர்களது குருதி கட்டியாகும் இயல்பே காரணம் என வாதிட்டது. பெண்களின் தமனி சிறியது, ஆகவே அறுவை கடினம் என்னும் பழைய விளக்கம் இதனால் ஐயத்திற்குரியதாயிற்று.

ஆஸ்பிரின் உட்கொண்டுவந்த நோயாளிகளிடமும் இக்கட்டிகள் தோன்றின. 2004இல் வெளியான 100 நோயாளிகள் கொண்ட சோதனையில், அறுவைக்கு முந்தைய இரவில் ஆஸ்பிரினோடு சேர்த்து அளித்த 75 மில்லிகிராம் குளோபிடோக்ரல் கட்டிகளைப் பெரிதும் குறைத்தது. ஆனால் குருதியோட்டத்தை மீட்ட பின் தோலைத் தைத்து மூடுவதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது: கசிவு நிற்கத் தாமதமாயிற்று.