மீச்சிறு மாதிரித் தொடருந்து ஊர்திகள்

மீச்சிறு மாதிரித் தொடருந்து ஊர்திகள் என்பவை உண்மையான தொடருந்துப் பொறிகள், பயணிகள் பெட்டிகள், சரக்குப் பெட்டிகள் ஆகியவற்றை ஏறத்தாழ 1:150 அல்லது அதனினும் சிறிய அளவுவிகிதத்தில் ஒத்து உருவாக்கப்படும் ஊர்திகள் ஆகும். கடையில் விற்கும் ஆயத்தப் பொதிகளைக் கொண்டு இணைக்காமல் அட்டை, நெகிழித் தகடு, பித்தளைத் தகடு, கம்பி போன்ற மூலப்பொருள்களிலிருந்து இவற்றை முழுமையாகக் கட்டுவது மாதிரித் தொடருந்துக் கலையின் கடினமான பிரிவாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க, சப்பானிய ஊர்திகளுக்கு இவ்வளவுகளில் தொழிற்சாலைத் தயாரிப்புகள் ஏராளமாக உள்ளன. இந்திய ஊர்திகளுக்கு அவை மிக அரிதாகவே கிடைக்கின்றன. ஆகவே சேலம் சந்திப்பில் நிற்கும் ஒரு தொடருந்தை மேசை மீது காண விரும்புபவர் பெரும்பாலும் அதைத் தாமே கட்ட வேண்டியிருக்கிறது.

அளவுகள்

மீச்சிறு அளவுகளில் மூன்று பரவலாக வழங்குகின்றன. செருமனியின் ஆர்னோல்டு நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய 9 மி.மீ. தண்டவாள இடைவெளி கொண்ட 'என்' அளவு (1:160) இவற்றுள் மூத்தது. பிரித்தானியாவில் இது 1:148 ஆகவும் சப்பானில் பெரும்பாலும் 1:150 ஆகவும் வழங்குகிறது. 1972 இல் மார்க்ளின் நிறுவனம் 6.5 மி.மீ. இடைவெளி கொண்ட 'இசட்' அளவை (1:220) வெளியிட்டது. 2006 இல் தோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் 3 மி.மீ. இடைவெளி கொண்ட 'டி' அளவு (1:450) காட்டப்பட்டது.

சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) வடிவமைப்புப் பெட்டியின் உடற்பகுதி 21,337 மி.மீ. நீளமும் 3,245 மி.மீ. அகலமும் உடையது. 'என்' அளவில் இது 133 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் கொண்டதாகும். 'இசட்' அளவில் 97 மி.மீ. நீளம், 'டி' அளவில் 47 மி.மீ. நீளம். அதாவது கடைசி அளவில் முழுப் பெட்டியும் ஒரு தீக்குச்சியின் நீளத்தைச் சற்றே தாண்டும்.

சிறிய அளவின் முதன்மையான ஆதாயம் தொடரின் நீளத்தில் உள்ளது. மேட்டூர் அனல் மின் நிலையத்திற்கு நிலக்கரி கொண்டுவரும் பாக்ஸ்-என் வகைச் சரக்குப் பெட்டி இணைப்பிகளையும் சேர்த்து 10,713 மி.மீ. நீளமுடையது. இத்தகைய 58 பெட்டிகள் கொண்ட முழுத்தொடர் 'என்' அளவில் ஏறத்தாழ 3.9 மீட்டர், 'டி' அளவில் 1.4 மீட்டர் மட்டுமே. வீட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்து அதில் முழுச் சரக்குத் தொடரையும் நிறுத்த வேறு வழியில்லை.

அகலப்பாதைச் சிக்கல்

இந்திய மாதிரிகளைக் கட்டுவோர் முதலில் எதிர்கொள்வது தண்டவாள இடைவெளிச் சிக்கலாகும். மேற்கூறிய அளவுகள் 1,435 மி.மீ. செந்தரப் பாதையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. இந்திய அகலப்பாதையோ 1,676 மி.மீ. ஆகும். 1:160 இல் இது 10.5 மி.மீ. ஆக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தடம் 9 மி.மீ. மட்டுமே. இக்குறை ஏறத்தாழ 14 விழுக்காடு என்பதால், முன்னிருந்து பார்க்கும்போது அகன்ற பெட்டி குறுகிய கால்களில் நிற்பதுபோல் தோன்றும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் 1:160 இலேயே கட்டுவது முதலாவது. இரண்டாவது, 9 மி.மீ. தடத்தை அகலப்பாதையாகவே கொண்டு 1:186 என்னும் விகிதத்தில் கட்டுவது. இதில் தோற்றம் சரியாக அமையும், ஆனால் மனித உருவங்கள், கட்டடங்கள், பிற ஊர்திகள் என எதையும் கடையில் வாங்க இயலாது. தடத்தையே 10.5 மி.மீ. இடைவெளியில் கையால் அமைப்பது மூன்றாவது. இதில் ஒவ்வொரு அச்சையும் நீட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவருக்கு முதல் வழியே ஏற்றது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது குறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மீட்டர் பாதைக்கு இச்சிக்கல் இல்லை என்பது வியப்பான செய்தி. 'இசட்' அளவின் 6.5 மி.மீ. தடம் 1:160 இல் 1,040 மி.மீ. க்குச் சமம். எனவே 2000களில் அகலப்பாதையாக மாற்றப்படும் முன்பு சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் சென்ற மீட்டர் பாதைத் தொடருந்தை, சேலம்–நாமக்கல்–கரூர் வழித்தடத்தில் (2013 இல் பயணிகள் போக்குவரத்துத் தொடங்கியது) ஓடும் அகலப்பாதைத் தொடருந்தைவிடத் துல்லியமாகக் கட்ட முடியும்.

கட்டும் முறை

பயணிகள் பெட்டிக்குப் பெரும்பாலும் 0.25 மி.மீ. தடிப்புள்ள அட்டை அல்லது பாலிஸ்டைரின் தகடு பயன்படுகிறது. பக்கச்சுவர்களைத் தட்டையாக வைத்துச் சன்னல்களை வெட்டி முடித்த பின்னரே பெட்டியாக மடக்க வேண்டும். தகட்டின் தடிப்பும் அளவுவிகிதத்திற்கு உட்பட்டது என்பதை மறக்கலாகாது. 0.25 மி.மீ. தகடு 1:160 இல் 40 மி.மீ. சுவருக்கு ஒப்பாகும், 1:450 இல் 11 செ.மீ. சுவராகிவிடும். குளிரூட்டப்படாத பெட்டிகளின் சன்னல் கம்பிகளே மிகுந்த பொறுமையைக் கோருபவை. 0.1 மி.மீ. செம்புக் கம்பி 1:160 இல் 16 மி.மீ. கம்பியாகத் தோன்றும் என்பதால் பழைய மின்னோடிச் சுருளிலிருந்து பிரித்தெடுத்த கம்பி போதுமானது. 'டி' அளவில் இவற்றைக் கட்டுவதில் பொருளில்லை; ஒளிபுகு தாளில் அச்சிட்டு ஒட்டிவிடலாம்.

சரக்குப் பெட்டிகளுக்குப் பித்தளைத் தகடு சிறந்தது. அதனை வெட்டி மடக்கி ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். இதற்கான நுண்அரம், இடுக்கி, தகடு வெட்டும் கத்தரி ஆகியவை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பகுதியின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் நாள்தோறும் புழங்கும் கருவிகளே. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலையுயர்ந்த கருவித் தொகுதிகளைவிடப் பொற்கொல்லர் கருவிக் கடையே இதற்குப் பொருத்தமானது.

போகிகளையும் சக்கரங்களையும் தொடக்கநிலையில் வாங்கிவிடுவது நல்லது. ஐ.சி.எஃப். பெட்டியின் 915 மி.மீ. சக்கரம் 1:160 இல் 5.7 மி.மீ. விட்டமுடையது; இதனைக் கையால் வட்டம் பிசகாமல் கடைவதற்குச் சிறு கடைசல் இயந்திரம் தேவை. பொறிகளுக்கும் இதுவே பொருந்தும். ஈரோடு பணிமனையில் நெடுங்காலம் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 வகை டீசல் பொறியின் நீளம் 17,120 மி.மீ.; 1:160 இல் 107 மி.மீ. இதன் மூன்று அச்சுப் போகியில் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு சமமாக இராது. அமெரிக்க ஆல்கோ வகை மாதிரி ஒன்றின் இயங்கும் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் உடலை மட்டும் கட்டுவது வழக்கம்.

எடையும் வளைவும்

நீளம் 160 மடங்கு குறையும்போது எடை 160 இன் மும்மடியாகக் குறைகிறது. சுமார் 40 டன் எடையுள்ள பெட்டி 1:160 இல் 10 கிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு இலேசான பெட்டி சிறு தூசியிலும் தடம் புரளும். அமெரிக்க தேசிய மாதிரித் தொடருந்துச் சங்கம் 'என்' அளவுக்குப் பரிந்துரைக்கும் எடையைக் கணக்கிட்டால் இப்பெட்டிக்கு ஏறத்தாழ 37 கிராம் வருகிறது. ஆகவே தரைத்தட்டின் கீழ் ஈயத் துண்டுகளை ஒட்டுகின்றனர். நிலக்கரிப் பெட்டியில் எடையை நிலக்கரிக்கு அடியிலேயே மறைத்துவிடலாம். 'டி' அளவில் கணக்குப்படியான எடை அரை கிராம் கூட இல்லை. அதனால்தான் அவ்வளவின் சக்கரங்களில் காந்தம் வைக்கப்பட்டு, எஃகுத் தண்டவாளத்துடன் அவை பற்றிக்கொள்கின்றன.

வளைவில் நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உட்புறம் நகரும். போகி மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ. உள்ள ஐ.சி.எஃப். பெட்டி, 'என்' அளவில் 250 மி.மீ. ஆர வளைவில் 4 மி.மீ. க்கு மேல் நகர்கிறது. நடைமேடையை வளைவின் உட்புறம் அமைப்போர் இதனைக் கணக்கிட வேண்டும். உண்மையான அகலப்பாதையின் குறைந்தபட்ச ஆரமான 175 மீட்டரை அப்படியே சுருக்கினால் 1.09 மீட்டர் வரும். அவ்வளவு இடம் எவர் வீட்டிலும் எளிதில் கிடைப்பதில்லை.

அளவெடுத்தலும் ஆவணமும்

ஐ.சி.எஃப். வடிவமைப்புப் பெட்டிகளின் உற்பத்தி 2018 சனவரியில் நிறுத்தப்பட்டது. இருக்கும் பெட்டிகள் படிப்படியாக விலக்கப்படுகின்றன. மீட்டர் பாதை ஊர்திகள் இப்பகுதியில் முற்றிலும் மறைந்துவிட்டன. எனவே கட்ட விரும்புவோர் அளவுகளையும் படங்களையும் இப்போதே சேகரித்துக்கொள்வது இன்றியமையாதது. கதவுக் கைப்பிடி, கூரைக் காற்றுப்போக்கி, கழிவறைச் சன்னல் போன்ற நுண்பகுதிகள் பொது வரைபடங்களில் இடம்பெறுவதில்லை.

நடைமேடையிலிருந்து நேர்ப்பக்கமாக எடுத்த ஒளிப்படமே போதுமானது. படத்தில் சக்கரம் தெரிந்தால் அதன் 915 மி.மீ. விட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, அதே தளத்தையொட்டிய பிற பகுதிகளைக் கணக்கிடலாம். சக்கரம் தேய்வதால் அதன் விட்டம் சிறிது குறைந்திருக்கக்கூடும். ஆகவே உடல் நீளத்தோடும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நன்று. அளவெடுக்கத் தண்டவாளத்தில் இறங்குவது 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147 ஆம் பிரிவின்படி அத்துமீறல் குற்றமாகும். பழைய ஊர்திகளை அருகில் நின்று அளவெடுக்க, 2002 இல் திறக்கப்பட்ட சென்னை இரயில் அருங்காட்சியகம் பயன்படும். இயங்கும் மாதிரித் தொடருந்துகளைக் காண விரும்புவோருக்கு 1998 இல் புனேயில் திறக்கப்பட்ட சோசியின் சிறு தொடருந்து அருங்காட்சியகம் உள்ளது.